பம்பின் கீழ்முனை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு தகரப் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கி, போர்ட் பிளேரில் தீயணைப்பு வேலையில் சேர்ந்து, யார் சிபாரிசும் இல்லாமல் நாலு பேருக்கு உத்தரவு போடும் இடத்துக்கு வந்தேன். சந்தேகம் இருந்தால் விசாரித்துக்கொள்ளலாம். அந்த நாளில் என்னைவிடப் பெரிய ஆள் என்று நான் ஒத்துக்கொள்வது ஒருவரைத்தான். என் கீழே வேலை பார்த்த தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

ஊர் முழுக்க மேடு, வீடெல்லாம் மரம். குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது, நெருப்புக்குக் கடல்தான். வண்டி போகாத சரிவில் பம்பை நாலு பேர் நாலு முனையில் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்குவோம். பாரமெல்லாம் கீழ்முனைக்காரன் மேல் சாயும். அந்த முனையை அண்ணாச்சி யாருக்கும் விட்டதில்லை.

தூக்குவது மட்டும்தான் முதுகைக் கெடுக்கும் என்று நினைக்க வேண்டாம். மணி எப்போது அடிக்குமோ என்று உட்கார்ந்திருப்போமே, அதிலேயே கழுத்தும் தோளும் கட்டையாகிவிடும். வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் 'அன்ஃபிட்'. வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், பெண்டாட்டி பிள்ளைகளோடு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற வேண்டும். எல்லோரும் மறைத்தோம். மறைக்க மறைக்க உடம்பு இன்னும் இறுகியது. அண்ணாச்சி குனிய முடியாமல் சுவரில் சாய்ந்து பூட்ஸ் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நண்பகலில் மரம் அறுக்கும் மில்லில் தீ. கடல் வற்றி உள்வாங்கிக் கிடந்தது. பம்பைப் பிடிக்கக் குனிந்தோம். அண்ணாச்சி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"நான் தூக்க மாட்டேன்லே. இடுப்பு விட்டுப்போச்சு. நடுவழியில நான் சாஞ்சா, பம்பு ஒங்க காலு மேலதான் விழும்."

எங்கள் வங்காளித் தோழன் சிரித்தான். "அரே தாதா, கமர் கயா? கர் ஜாவோ, சோ ஜாவோ!" இடுப்பு போய்விட்டதென்றால் வீட்டுக்குப் போய்ப் படு அண்ணே என்கிறான்.

"படுக்கேன், படுக்கேன். மொதல்ல நீ கீழ்முனையப் பிடி. அப்பத் தெரியும்."

டிரைவரை இழுத்து மேல்முனையில் நிறுத்தினேன். கீழே நானும் வங்காளியும். பாதிச் சரிவிலேயே அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

தண்ணீர் உறிஞ்சும் குழாயைக் கரையோரம் போட்டால் சேறுதான் ஏறும். அண்ணாச்சி அதன் வாயைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு ஆழத்துக்குப் போய், அடியில் படாமல் தூக்கி நின்றார். அங்கே அவரையும் குழாயையும் சேர்த்துக் கடல் தாங்கியது. தீ அணையும்வரை அசையவில்லை.

அதிகாரி வந்து, டிரைவர் பம்பருகே நிற்பதைப் பார்த்து, தண்ணீரில் நின்றவன் ஏன் பம்பு தூக்கவில்லை என்று கேட்டார். நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"சாப், என் இடுப்பு சரியில்ல. தூக்க முடியாது. நிக்க முடியும்."

குவார்ட்டர்ஸ் போயிற்று என்றே நினைத்தேன். அதிகாரி மில்லைப் பார்த்தார், முக்கால்வாசி தப்பியிருந்தது.

"தண்ணீர் ஒரு தடவைகூட நிற்கவில்லை," என்றார். "இனிமேல் கடல் பக்கம் உன்னுடையது."

அன்று மாலை வங்காளி தானாகவே கால்சட்டையைச் சுருட்டி வீங்கிய முழங்காலைக் காட்டினான். அதற்குப் பிறகு பாதிச் சரிவில் பம்பை இறக்கி வைத்து, கீழ்முனையை மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கமானது. உத்தரவு போட்டவன் நான்தான். போட வைத்தவர் அவர்.

கடல் பக்கத்திலேயே நின்று பென்ஷன்வரை போனார் அண்ணாச்சி. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று அவருடைய படாக் மர பீரோவை மேட்டிலிருந்து இறக்கினோம். கையில் மாதா படத்தோடு முன்னால் நடந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே பெரிய ஆளு, கீழ்முனை ஒனக்குத்தான்!"