அம்மாவுக்குத் தெரிந்த நைஸ்

நெல்லித்தோப்பு மாவு மில்லில் வேலை பார்த்த அம்மாவுக்கு ‘நைஸ்’ சோறு போட்ட சொல். மிளகாய்த்தூளை எவ்வளவு நைஸாக அரைக்க வேண்டும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். வேலைக்கு நடுவே நைஸாக நழுவி வந்து எனக்குத் தலை பின்னிவிட்டுப் போவாள். அது இங்கிலீஷ் சொல் என்பதே நான் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தனக்கும் இங்கிலீஷ் வரும் என்று அதிலிருந்து ஒரே பெருமை.

நான் ஏழாவது படித்தபோது, அந்தப் பெருமையோடுதான் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தாள். தலைமுடியெல்லாம் மாவு. என் கட்டுரைக்கு முதல் பரிசு என்று இங்கிலீஷ் மிஸ் சொன்னதும், “மிஸ்ஸு, நீங்க ரொம்ப நைஸு” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அடுத்த வாரம் ஆண்டு விழாவில் பரிசு வாங்கும்போதும் இவள் வந்து நிற்பாளே!

மறுநாள் பள்ளி நூலகத்தில் தலையணை கனத்துக்கு இருந்த அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். லத்தீனில் ‘ஒன்றும் அறியாத’ என்று பிறந்து, பழைய பிரெஞ்சில் ‘முட்டாள்’ ஆகி, இங்கிலீஷுக்கும் முட்டாளாகவே போய், இன்னும் பல வேஷம் போட்டுக் கடைசியில்தான் அது ‘இனிமையான’ என்று ஆகியிருந்தது. நான் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

“நைஸுன்னா முட்டாளும்மா. டிக்‌ஷனரில போட்டிருக்கு” என்றேன் அன்று சாயங்காலம்.

“அய்யய்யோ, மிஸ்ஸப் போயி அப்டியா சொல்லிட்டேன்?” அவள் முகம் செத்துப்போயிற்று. “இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கினு உங்க ஸ்கூலுக்கு வருவேன்?”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

விழாவன்று மில்லில் கூட்டம் அதிகம், வர முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் பரிசு வாங்கி இறங்கியதும் மிஸ் கூப்பிட்டார். “அம்மா வரலியா? முந்தாநாள் வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டாங்களே. அந்த அர்த்தமெல்லாம் போயி எத்தனையோ நூறு வருஷம் ஆச்சு, நீங்க சொன்னது நல்ல வார்த்தைதான், கட்டாயம் விழாவுக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பினேனே!”

அடி விழப்போகிறது என்று பயந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். விழாவுக்கென்று எடுத்துவைத்திருந்த பச்சைப் புடவை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பரிசுக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லாருக்குடி” என்றாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தப்பித்தோம் என்று நான் சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தேன். மிஸ்ஸிடம் பேசிய பிறகும் அவள் ஏன் வரவில்லை என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் மறைத்த மீதியைத் தெரிந்துகொண்டுதான், நான் வாய்விட்டுக் கேட்காததையும் அவள் எனக்குக் கொடுத்திருந்தாள்.