பிரபுவையும் பெண்சாதியையும் சேர்த்து வைத்த கதை

அபி, ரோஷான், அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "படம் மாட்டுகிறார்" என்கிறீர்கள். சரிதான். ஆனால் அந்த வேலை முதல் மூன்று மாதத்திலேயே போகப் பார்த்தது.

அப்போது நான் லண்டனில் ஒரு ஓவியக்கூடத்தில் புரொபேஷனில், அதாவது வேலையை நிரந்தரமாக்க முன்னம் சோதித்துப் பார்க்கும் காலத்தில் இருந்தேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பெரிய இடத்து ஆட்களின் ஓவியக் கண்காட்சி. அறை முழுக்கப் பவுடர் போட்ட பொய்முடி, பட்டு, லேஸ். ஊர்ச் சனம் ஒரு துண்டு பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்க, இவர்கள் மடியில் நாய்க்குட்டியோடு போஸ் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசிச் சுவருக்கு ஒரு பிரபுவும் அவர் மனைவியும். நெஞ்சளவில் தனித்தனிப் படங்கள். ஒரு ஆள் தூக்கலாம். கண்காட்சிக்குப் பொறுப்பான ஹெலன் தந்த பிளானின்படி மாட்டினால், அவர் அந்தப் பக்கம் பார்க்கிறார், மனைவி இந்தப் பக்கம். முதுகோடு முதுகு. பிளான் பிழை என்று நானே தீர்ப்புச் சொன்னேன். என்னோடு வேலை செய்த மன்னார் அந்தோனி அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். இரண்டையும் இடம் மாற்றி, துளை போட்டு மாட்டிவிட்டேன். கல்யாண ஆல்பம் மாதிரி ஒருவரையொருவர் பார்த்தபடி வடிவாக இருந்தார்கள்.

மூன்று மணிக்கு ஹெலன் வந்து பார்த்து, படங்கள் இடம் மாறியிருக்கின்றன என்றார். ஆறு மணிக்குத் திறப்பு விழா. சூப்பர்வைசர் கிரஹாம், அன்றைய வேலைக்குப் பொறுப்பானவர் காலையிலேயே ஒப்பமிடும் பேப்பரில் அந்தோனி அண்ணையின் கையெழுத்தைக் கண்டு அவர்மீது பாய்ந்தார். அண்ணை என்னைப் பார்த்தார். நான்தான் செய்தேன் என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஏன் என்று ஹெலன் கேட்டார். புருஷனும் பெண்சாதியும் இப்படிக் கோபித்துக்கொண்டு நிற்க எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள், யாராவது போய்ச் சமாதானம் பண்ணுவார்கள் என்று என் இங்கிலீசில் விளக்கினேன்.

"புரட்சிக்குப் பயந்து அவர் லண்டனுக்கு ஓடிவந்துவிட்டார். அவள் பிரான்சிலேயே நின்று அவரை விவாகரத்துச் செய்தாள். ஓடிப்போனவரின் மனைவி என்ற குற்றம் நீங்கியதால்தான் அவள் தலை தப்பியது," என்றார் ஹெலன். "சேர்த்து வைக்கச் சொல்லி உங்களிடம் கேட்டது யார், அவளா?"

அண்ணை என் காதுக்குள், "அப்ப அந்தாளும் எங்களை மாதிரி அகதிதான் தம்பி. விக்கோட வந்து இறங்கியிருக்கிறார்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துளைகளை அடைத்து, உரஞ்சி, பெயின்ட் அடித்து, ஹேர் டிரையரால் சுவரைக் காயவைத்தோம். பக்கத்து அறையில் விருந்தினர் வைன் குடிக்கத் தொடங்கும்போது இருவரும் மறுபடி முதுகு காட்டினார்கள். வேலை போகவில்லை, புரொபேஷன் ஒரு மாதம் நீண்டது.

படித்த பாடம் சின்னது: சந்தேகம் வந்தால் துளை போட முன்னம் கேட்க வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போக, தோர்ண்டன் ஹீத் ரயிலுக்குத் தனியாக நின்றேன். என் தங்கச்சி, உங்கள் ராணி மாமி, அந்த மாதம்தான் மாமாவை விட்டுவிட்டு ஹவுன்ஸ்லோவில் தனி அறை எடுத்திருந்தார். திரும்பிப் போகச் சொல்லி அவருக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு வேறொன்று அனுப்பினேன்: "அறையில ஏதும் மாட்ட இருந்தால் சொல்லு, டிரில் கொண்டு வாறன். எங்க எண்டு நீ காட்டு."