மாமி வீட்டு விலாசம்

பட்டணத்து நூல்நிலையத்தில் சிறுவர்களுக்கும் புத்தகம் இரவல் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. ஆனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. பட்டண எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகள்தான் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எல்லைக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் அந்த மேல்மாடி அறையிலேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, புத்தகத்தை வைத்துவிட்டுப் போகவேண்டும். எங்கள் வீடு உடுவிலுக்கும் அப்பால். நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தின்றுவிடுவார்கள் என்று யாரோ நினைத்திருக்கவேண்டும்.

நானும் இருந்து வாசித்துப் பார்த்தேன். எங்கள் ஐயா கத்தரிக்காய் மூட்டைகளோடு பெரியகடைச் சந்தைக்கு வண்டி கட்டும் நாட்களில் என்னையும் ஏற்றிக்கொள்வார். காய் விற்று முடிந்ததும் கீழே தெருவில் நின்று, "எடி பிள்ளை, மாடு நிக்குதில்லை, ஓடி வா!" என்று கூப்பிடுவார். கத்தரிக்காய் நன்றாக விலைபோகும் நாட்களில் எனக்கு வாசிப்புக் குறைவு. இப்படியே எத்தனையோ கதைகளின் தொடக்கம் எனக்குத் தெரியும். ஒன்றின் முடிவும் தெரியாது.

ஐயாவின் தமக்கை, எங்கள் மாமி, வண்ணார்பண்ணையில் இருந்தார். அது எல்லைக்குள். மாமா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர்; நீட்டுகிற தாளில் கையெழுத்து வைப்பது அவருக்குப் பழகிப்போன வேலை. 'இப்பிள்ளை என் வீட்டில் வசிக்கிறது' என்ற தாளை நான் நீட்டினேன். வாசிக்காமலே வைத்தார். எனக்கு நூல்நிலைய அட்டை கிடைத்தது. பிறகு தம்பிக்கும் ஒன்று, பெரியப்பாவின் மகளுக்கும் ஒன்று. மாமிக்கு இது தெரியாது. இதைப் பொய் என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். விடுமுறைக்கு அங்கே போய் நிற்கிறோம்தானே.

நவராத்திரி வரைக்கும் எல்லாம் நன்றாக நடந்தது. சரஸ்வதி பூசைக்கு அம்மா வீட்டிலிருந்த புத்தகம் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய்ச் சுவாமி அறையில் அடுக்கினார். பெரியப்பா வீட்டுப் புத்தகங்களும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நூல்நிலையத்துப் புத்தகங்கள் மூன்றும் அந்த அடுக்குக்குள் போய்விட்டன. இனி விஜயதசமி வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது. என் கதையிலோ, கப்பலில் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்தவனைத் தேடிக் காவற்காரன் வந்துகொண்டிருந்தான்.

"அம்மா, அதை நாளைக்குத் திருப்பிக் குடுக்கவேணும்," என்றேன்.

"சரஸ்வதி வாசிச்சு முடிக்கட்டும். பிறகு நீ வாசி," என்றார் அம்மா.

ஒருவழியாகப் புத்தகம் கைக்கு வந்தது. மேலட்டையில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், ஓரத்தில் அவலும் சர்க்கரையும். அம்மா துடைக்க விடவில்லை. அது தெய்வக் குற்றமாம். பீப்பாய்க்காரன் பிடிபட்டானா என்று பார்க்குமுன் ஐயா வண்டியைக் கட்டிவிட்டார். மூன்று பேரும் ஏறினோம்.

நூல்நிலையப் பொறுப்பாளர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். என் புத்தகத்தைத் திறந்தார். ஓர் எறும்பு இறங்கி மேசையில் நடந்தது. ஏசுவதற்கு வாய் திறந்தவர் சந்தனத்தைக் கண்டு மூடிக்கொண்டார். மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தார். அதே சந்தனம், அதே விரல். மூன்றுக்கும் ஒரே விலாசம்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார். "அவ வராட்டில் மூண்டு பேரின்ரை அட்டையும் கிழிபடும்."

அம்மாவோ ஊரில். மாமி வீட்டுக்கு ஓடினோம். நான் அழுதழுது சொன்னதைக் கேட்டு மாமி முதலில், "உந்த மனிசன் கண்ணை மூடிக்கொண்டோ கையெழுத்து வைக்கிறது?" என்று மாமாவை ஏசினார். பிறகு எங்களை. பிறகு சரஸ்வதியைத் தவிர எல்லாரையும். குடையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

பொறுப்பாளர் கேட்டார்: "இந்த மூண்டும் உங்கடை பிள்ளையளோ?"

மாமிக்குப் பிள்ளை இல்லை. அவர் நேர்த்தி வைக்காத கோயிலும் இல்லை. பொய் சொல்லிப் பழக்கப்பட்டவரும் இல்லை. அட்டை போனது போனதுதான் என்று நினைத்தேன்.

"ஓம்," என்றார் மாமி. "என்ரை பிள்ளையள்தான்."

"இவனுக்கும் எட்டு வயது, இவளுக்கும் எட்டு எண்டு அட்டையிலை கிடக்கே?"

பெரியப்பாவின் மகள் தம்பியைவிட ஒரு முழம் உயரம். நிறத்திலும் சாடையிலும் இரண்டு பேருக்கும் ஒட்டே இல்லை.

"இரட்டை," என்றார் மாமி. "பெத்தவளுக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியும்? புத்தகத்தைச் சரஸ்வதிக்கு வைச்சது குற்றமெண்டால் சொல்லுங்கோ, நாலு பேரைக் கூட்டிக் கேப்பம்."

அவ்வளவு திருநீறு பூசிய மனிதர் என்னதான் செய்வார்? அட்டைகளைத் தந்தார். என் புத்தகத்தையும் இன்னொரு தவணைக்குத் தந்தார்.

படியிறங்கும்போது தம்பி, "மாமி..." என்று தொடங்கினான். பொறுப்பாளரின் காதில் விழுந்தால் எல்லாம் போச்சு. அவன் வாயைப் பொத்திக்கொண்டு நான் உரத்துச் சொன்னேன்:

"அம்மா, பாத்து இறங்குங்கோ!"

மாமி அப்படியே நின்றுவிட்டார். நான் அட்டையைக் காப்பாற்றத்தான் சொன்னேன். வேறு நினைப்பே இல்லை. பிறகு ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினார். தெருவுக்கு வந்ததும் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். நோகவில்லை. அவருடைய கண்ணைப் பார்த்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது.

"புத்தகத்தைப் பற்றிக் கொம்மாவுக்கு என்னெண்டாலும் சொல்லு," என்றார். "நீ என்னைப் படியிலை கூப்பிட்டதை மட்டும் சொல்லிப்போடாதை."