உப்புப் பார்க்க முடியாத சமையல் மாஸ்டர்

கல்யாணச் சமையல்காரனுக்கு நாக்குதான் மூலதனம். என் நாக்குக்கு ஒரு கேடும் இல்லை, அதற்குக் கீழே இருக்கிற சாமான்கள்தான் தகராறு. குடல் ஒரு பக்கம், நீர்ப்பை ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து மக்கர் பண்ணுகிற சக நோயாளிகளே, உங்களுக்கு மட்டும்தான் இது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு டாக்டர், இரண்டு தாள்

வயிறு உப்பி, நாளைக்கு ஐந்தாறு தடவை ஓடிக்கொண்டிருந்தபோது புதுக்கோட்டையில் குடல் டாக்டரைப் பார்த்தேன். வெங்காயம், பூண்டு, பால், கோதுமை, பருப்பு, இன்னும் என்னென்னவோ வேண்டாம் என்று ஒரு தாள் கொடுத்தார். ஒன்றுக்குப் போனால் எரிகிறது, போய்விட்டு வந்த கையோடு மறுபடி முட்டுகிறது என்று தஞ்சாவூரில் இன்னொரு டாக்டரிடம் போனேன். கிருமி எதுவும் இல்லை, நீர்ப்பைக்கு ஒத்துக்கொள்ளாததைத் தின்கிறீர்கள் என்று சொல்லி, புளி, தக்காளி, மிளகாய், எலுமிச்சை, டீ, காபி கூடாது என்று அவர் ஒரு தாள். தஞ்சாவூர்த் தாளில் பால் குடிக்கலாம். புதுக்கோட்டைத் தாளில் குடித்தால் போச்சு.

என் மனைவி சரோஜா இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "சோறும் பொடலங்காயும்தாங்க மிச்சம். இதுக்கா ரெண்டு ஊருக்கு பஸ் ஏறிப் போனீங்க?"

நோட்டு

ஒரு மாதம் புடலங்காய். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பிறகு உணவு ஆலோசனை சொல்கிற ஓர் அம்மாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஆயுசுக்கும் விட வேண்டாம், ஒவ்வொன்றாகச் சேர்த்து மூன்று நாள் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள் என்றார். எழுதினேன். தக்காளி எரிந்தது. கேரட், முட்டை இரண்டும் சமர்த்து. பூண்டைத் தின்றால் வயிறு ஊதியது. எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அந்த நோட்டைப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மா நாலு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "என்ன சாப்பிட்டீங்க, என்ன செஞ்சுச்சுன்னு மட்டும்தாங்க எழுதச் சொன்னேன். நீங்க ஐந்நூறு பேருக்கு அளவு போட்டு வச்சிருக்கீங்க!"

உப்புப் பார்க்க ஆள்

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கித்தான் நாங்கள் உப்புப் பார்ப்போம். ஒரு சொட்டுதானே என்பீர்கள். கீரமங்கலம் பக்கம் ஆடி மாத மொய் விருந்தில் இருபது அண்டா கறிக்குழம்பு. இருபது சொட்டு மிளகாய்க் காரம் உள்ளே போனால் மத்தியானத்துக்குள் நீர்ப்பை என்னை உட்கார விடாது. அதனால் உப்புப் பார்க்கிற வேலையை ரெண்டாவது மாஸ்டர் கருப்பையாவிடம் கொடுத்தேன்.

முதல் பந்தியிலேயே இலைக்கு இலை "உப்புக் கொண்டா, உப்புக் கொண்டா" என்று கூச்சல். நான் ஓடிப்போய் அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் அசரவில்லை. "எனக்கு நல்லாக் கரிச்சுச்சுண்ணே. பத்து வருஷமா பிரஷருக்கு உப்புக் கொறைச்சுத்தானே சாப்புடுறேன், ஒங்களுக்குத் தெரியும்ல?"

முதல் இலை

அதோடு விட்டதா? சமையல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுத் தூக்குவாளியிலிருந்து நான் சாப்பிட்டதை யாரோ பார்த்துவிட்டார்கள். தான் சமைத்ததைத் தானே தின்னாத மாஸ்டர் என்று பேச்சு கிளம்பியது. பொன்னமராவதியில் பேசி வைத்திருந்த வளைகாப்பு கைவிட்டுப் போனது. இன்னும் இரண்டு இப்படிப் போனால் கரண்டியைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான். நோயைச் சொல்லலாம்தான். வயிற்றுப்போக்குக்காரன் கையால் சமைத்ததைக் கல்யாணத்தில் எவன் தின்பான்?

அடுத்தது கந்தர்வக்கோட்டைக் கல்யாணம். பெண்ணின் அப்பா முந்திரித் தோப்புக்காரர். பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தார். வரிசை முழுக்க இலையில் கை வைக்காமல் என்னையே பார்த்தது. வெங்காயச் சாம்பாரை அவரே ஊற்றினார். சாப்பிட்டேன். வத்தக்குழம்பு, தக்காளி ரசம், எல்லாம் சாப்பிட்டேன். எத்தனையோ மாதம் கழித்து என் கைச் சமையல். சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது, சாம்பாரை ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன்.

பால் பாயசம் பாதியில் இருக்கும்போது குடலும் நீர்ப்பையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டன. இலையை மூடாமல் எழுந்து ஓடினேன். கக்கூஸ் கதவைத் தாழிட்ட பிறகும் பெண்ணின் அப்பா குரல் கணீரென்று கேட்டது. "பாத்தீங்களா, பாயசத்தைக்கூட முடிக்காம அடுத்த பந்தியக் கவனிக்க ஓடுறாரு. எங்க சின்னவ கல்யாணத்துக்கும் இந்த மாஸ்டர்தாங்க!"

தொழில் பிழைத்தது, நான் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை கொஞ்சம் தாமதமாக அமையட்டும் என்று சாமியைக் கும்பிடுகிற ஒரே கல்யாணச் சமையல்காரன் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.