இடம் மாறிய செட்டிங் ஃபைல்

என் வீட்டுக்காரர் திருவண்ணாமலையில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறார். அறை எடுப்பவர்களுக்கு ஒரு பக்கெட்டை நீட்டுவார். சாவி, சோப்பு, மக், துண்டு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எதற்காகவும் யாரும் இரண்டாவது தடவை மாடிப்படி இறங்கக் கூடாதாம். நல்ல கொள்கைதான். அதைக் கம்ப்யூட்டரிலும் காட்டினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

லாட்ஜ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அறைப் பதிவுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தது நான். அதில் புரோகிராம் ஓரிடத்தில் இருக்கும். அதன் செட்டிங் ஃபைல் ஈடிசி என்ற வேறு இடத்தில் இருக்கும். நாளைக்குப் புரோகிராமைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாலும் செட்டிங் பத்திரமாக இருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன, ஜாஸ்தி பேசிக்குமா?" என்பார்.

பிரிண்டர் மக்கர் செய்தால் உதவுமே என்று பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பௌர்ணமியன்று காலை மனிதர் அந்த ஃபைலைத் தூக்கிப் புரோகிராமுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். முன்பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று புரோகிராமுக்குச் சொல்வதே அந்த ஃபைல்தான். ஈடிசியில் தேடிக் காணாத புரோகிராம், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், பதிவே இல்லாத புது லாட்ஜாகத் திறந்துகொண்டது. எல்லா அறையும் காலி. அதுவும் பௌர்ணமியன்று! சந்தேகம் வர வேண்டாமா? அண்ணாமலையார் கருணை என்று நினைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பக்கெட்டை நீட்டியிருக்கிறார்.

மத்தியானம் நான் போய் ஃபைலை ஈடிசியில் வைத்ததும் பழைய பதிவுகள் அத்தனையும் திரையில் வந்து நின்றன. பதிவு செய்தவர்களை எதிர் லாட்ஜில் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தோம். அங்கேயும் இடம் தீர்ந்தபோது பாக்கி இருந்தது ஒரே குடும்பம். எங்களோடு இருக்கும் என் தங்கையைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார். கிரிவலம் முடித்து லாட்ஜில் தங்கி, காலையில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். இரண்டே அறை. கட்டில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. மாப்பிள்ளை சமையலறை வாசலில். அவருடைய அம்மா என் தங்கைக்குப் பக்கத்தில் பாய் விரித்தார். தங்கை குறட்டை விடுவாள். லேசாக அல்ல, மாவு மில் மாதிரி.

காலையில் அந்த அம்மா கண் சிவந்து எழுந்து வந்தார். தங்கை குனிந்த தலை நிமிராமல் காபி கொடுத்தாள்.

"லாட்ஜுல தங்கியிருந்தா பஜ்ஜி சாப்ட்டுட்டுப் போயிருப்போம். ஒன்னும் தெரிஞ்சிருக்காது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

என் வீட்டுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"எங்க பையன் விடற குறட்டைக்கு எந்தப் பொண்ணு வந்து மாட்டுமோன்னு பயந்துகினே இருந்தேங்க" என்றார் அந்த அம்மா. "நேத்து அவன் விட்டது என் காதுலயே விழல. நாள் குறிச்சிடலாம்."