சாருக்கு வைத்த பரீட்சை

எங்கள் அப்பாவிடம் மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். பேனா மூடியைத் திறப்பதற்குள், தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் வாங்கிய மார்க்கை வாட்ஸ்அப் பார்த்து வாசித்து முடிப்பார். ஏழாம் வகுப்பு அறிவியலில் நான் ஒவ்வொரு தடவையும் ஃபெயில். அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம், பாடம்தான் ஆகவில்லை.

அறிவியல் சார் மேலநீலிதநல்லூர்க்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வகுப்பு. பாதிப் பேர் தூங்கி விழுவோம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று தினமும் சொல்வார். மணி எப்போது அடிக்கும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு சந்தேகமே கிடையாது.

ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இந்த மாதப் பரீட்சையை நான் எழுதுகிறேன், கேள்வித்தாளை நீங்கள் போடுங்கள் என்றார். ஐம்பது பேர், ஆளுக்கொரு கேள்வி, கேள்விக்கு இரண்டு மார்க். கேட்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும், திருத்துவதும் அவரேதான்.

நான் எழுந்தேன். "ஃபெயிலானா உங்க அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வருவீங்களா சார்?"

சார் கொஞ்சம் யோசித்தார். "வாங்கிட்டு வாரேன்" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு வெறி பிடித்துவிட்டது. அந்த மனுஷனும் ஒரு தடவை பட்டுப் பார்க்கட்டும். அட்டையிலிருந்து அட்டை வரை புத்தகத்தைப் படித்தேன். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். கடைசியில் மகரந்தச் சேர்க்கைப் பாடத்தில் என் கேள்வி அகப்பட்டது: மல்லிகை மொட்டு எப்போது விரியும், ஏன்? சாயங்காலம் என்று பூ வைக்கிற யாருக்கும் தெரியும். ராத்திரி வரும் அந்துப்பூச்சிக்காக என்பதில்தான் சார் சிக்குவார் என்று கணக்குப் போட்டேன்.

சார் முதல் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொருவராகத் திருத்தி, பேப்பர் கடைசியாக என்னிடம் வந்தபோது முப்பத்து நான்கு மார்க். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். 'தாமரையைப் போலக் காலையில் விரியும்' என்று எழுதி, பக்கத்தில் படமும் போட்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. படத்துக்காவது ஒரு மார்க் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். அப்பாவின் பேனா மூடி ஞாபகம் வந்தது. பெரிதாக ஒரு முட்டை போட்டேன்.

மறுநாள் சார் கையெழுத்தோடு வரவில்லை. தன் அப்பாவையே கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் தன் தோட்டத்து மல்லிகையைப் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார். வகுப்பே மணத்தது.

"எம்மவன ஃபெயிலாக்குன டீச்சரு யாரு?"

எழுந்து, கேள்வியையும் சார் எழுதிய பதிலையும் வாசித்தேன். பெரியவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, இதுகூடவா தெரியாம எழுதுன?"

சார் ஃபேனைப் பார்த்தார். நாங்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தோம். பெரியவர் பேனாவைத் திறந்த கையோடு கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு பட்டியலும் இல்லை. கொடுத்து வைத்த சார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த பரீட்சையில் எனக்கு எழுபத்தொன்று. ஏதோ யோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மல்லிகைத் தோட்டத்துக்காரர் மகனுக்கா மல்லிகை எப்போது விரியும் என்று தெரியாது? வாரம் முழுக்க உட்கார்ந்து கேள்வி தேடிய ஐம்பது பேரில் ஒருவருக்கும் அன்று இந்தக் கேள்வி வரவில்லை.