கொசுறு ஊற்றும் பக்கம்

மலைமேல் குளிரும் ஊரான உவாங்காயோவில், சந்தைக்கு எதிரே மினிபஸ்கள் திரும்பும் முனையில், விடிவதற்கு முன்பே எதெல்வினாவின் தள்ளுவண்டி வந்து நின்றுவிடும். அவள் விற்பது எமோலியெந்தே. வறுத்த பார்லி, ஆளி விதை, நாலைந்து மூலிகை போட்டுக் கொதிக்க வைத்த கஷாயம். குளிரில் விரல் மரத்து வருகிறவர்களுக்கு அதை இரண்டு கிளாஸில் மாற்றி மாற்றி ஆற்றி, எலுமிச்சை பிழிந்து கொடுப்பாள். குடித்து முடித்தவர் கிளாஸை மறுபடியும் நீட்டுவார். அதில் பாதி ஊற்றுவாள். அதுதான் கொசுறு. அதை யாரும் கெஞ்சிக் கேட்பதில்லை, கொடுப்பவளும் தர்மம் செய்வதாக நினைப்பதில்லை. கொசுறு தராதவளை இந்த ஊரில் கடைக்காரி என்றே சேர்க்கமாட்டார்கள்.

எதெல்வினாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தேன் கம்மி என்று ஒருவன் முகம் சுளித்தால், "உன் பொண்டாட்டி காலைல திட்டி அனுப்பிருக்கா, அந்தக் கசப்பு உன் நாக்குலதான் இருக்கு" என்பாள். ஆனாலும் அவன் மறுநாள் வருவான்.

வண்டிக்குப் பின்பக்கம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து எலுமிச்சை நறுக்குபவர் அவள் கணவர் சத்தூர்னினோ. இருபது வருஷத்துக்கு மேல் மலைமேல் சுரங்கத்தில் வெடி வைத்தவர். நெஞ்சு கெட்டு, இனி ஏறினால் இறங்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஊரோடு வந்துவிட்டார். உட்கார்வதே தெருவுக்கு முதுகைக் காட்டித்தான். வெடி வைத்த மனுஷன் தெருவில் நின்று கஷாயம் ஊற்றுவதா என்று அவருக்கு வெட்கம். எலுமிச்சை நறுக்குவதை மட்டும் யாரும் பார்க்கவில்லை என்று அவராக நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தோறும் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் லாரி அந்த முனையில்தான் நிற்கும். மேஸ்திரி எலியோதோரோ இறங்கி ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "என்னப்பா சத்தூர்னினோ, லேசான வேலைதான், வர்றியா?" என்பான். "வண்டி ஓடுற வரைக்கும் ஓடட்டும், பாப்போம்" என்பார் இவர். அந்தப் 'பாப்போம்' காதில் விழும்போதெல்லாம் எதெல்வினா அன்றைய சில்லறையை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பாள். வண்டி ஓடவில்லையென்றால் அவர் லாரி ஏறிவிடுவார். இந்த வண்டியை அவள் இவ்வளவு பாடுபட்டு இழுத்ததெல்லாம் அதற்காகத்தான்.

எதிர்முனைக்கு யெர்சோன் வந்தது அந்த ஜூன் மாதம். சின்ன வயசு, பளபளவென்று புது வண்டி, மூடி போட்ட காகிதக் கப். கொசுறு கிடையாது. வாங்கினோமா, பஸ் ஏறினோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம். கெட்ட பையன் இல்லை, அவளைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்வான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று.

"கொசுறு இல்லாத இடத்துக்கு எவன் போவான்" என்று முதல் வாரம் சிரித்தாள். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. அவள் வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் பஸ்ஸைப் பார்ப்பதும், எதிர்முனையைப் பார்ப்பதும், நழுவுவதுமாக இருந்தார்கள். ஏன் என்று நின்று கவனித்தாள். முன்னால் நிற்பவர் குடித்து, கதை பேசி, கொசுறு வாங்கி, அதையும் குடித்துக் கிளாஸைத் திருப்பித் தரும்வரை வரிசை நகரவில்லை. ஆட்களை விரட்டியது யெர்சோன் இல்லை, அவளுடைய கொசுறுதான்.

அவள் முடங்கிப்போகிற ஆள் இல்லை. பெரிய பெரிய கிளாஸாக வாங்கிவந்தாள். கொசுறையும் சேர்த்து ஒரே தடவையாக ஊற்றிவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் ஒரு சொட்டு நஷ்டமில்லை, வரிசையும் ஓடும். இப்படி ஒரு யோசனை ஊரில் எவளுக்கும் வரவில்லையே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

உருளைக்கிழங்கு விற்கும் ரொசிந்தாதான் முதல் கிளாஸ். நிறைந்த கிளாஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, பழக்கம்போல நீட்டினாள்.

"கொசுறு உள்ளயே இருந்துச்சுக்கா. கிளாஸப் பாரு, எவ்ளோ பெருசு" என்றாள் எதெல்வினா.

"உள்ள இருந்தா அது எப்பிடிடி கொசுறு ஆகும்? அது அளவு."

"ரெண்டும் சேத்துத்தான ஊத்துனேன்?"

"ஊத்துன, சரி. எனக்குக் குடுத்தியா? நான் கிளாஸ நீட்டணும், நீ மொனகிக்கிட்டே ஊத்தணும். அதில்லாம என்னத்தக் குடிச்சேன் நான்?"

ரொசிந்தா முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று பகலுக்குள் எதெல்வினா கொசுறை நிறுத்திவிட்டாளாம் என்று சந்தை முழுக்கப் பேச்சு. அவசரக்காரர்கள் ஏற்கெனவே எதிர்முனைக்குப் போயாயிற்று. இப்போது நிதானக்காரர்களும் போனார்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மிஞ்சிக் கூழாகி நின்றது.

அந்த வாரக் கடைசியில், பெரிய கிளாஸ்களைக் கழுவி அடுக்கிக்கொண்டே சத்தூர்னினோ சொன்னார்: "திங்கக்கெழம எலியோதோரோகிட்ட ஒரு வார்த்த பேசிடறேன்."

"பேசு. பேசிட்டு அப்பிடியே நான் துக்கம் காக்கக் கறுப்புத் துணியும் வாங்கிட்டு வந்துரு" என்றாள் அவள்.

மறுநாள் பழைய கிளாஸே வந்தது. வரிசையும் பழையபடி தேங்கியது. மூட்டை தூக்கும் ஒருவன் குடித்து முடித்து, கொசுறுக்குக் காத்துப் பொறுமை இழந்து, வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனான். அங்கே சூடு ஆறாமல் இருக்க அடுப்போரம் ஒரு கெட்டில் எப்போதும் இருக்கும். காலிக் கிளாஸை நேராகச் சத்தூர்னினோவிடம் நீட்டினான். அவர் யோசிக்கக்கூட இல்லை, ஊற்றிவிட்டார். மேலே சுரங்கத்தில் பனி எப்படி என்று அவன் எதையோ கேட்க, இவர் எதையோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். எதெல்வினா திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்தாள். வரிசை ஓர் ஆள் நகர்ந்திருந்தது.

பெரிய கிளாஸ் தேடி ஊரையெல்லாம் துழாவியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனைத்தான் பார்க்கவில்லை. தன்னையே இரண்டு திட்டுத் திட்டிக்கொண்டாள். அன்று மாலையே பின்பக்கம் ஒரு பலகையை அடித்து வைத்தாள்.

"நாளைலேர்ந்து முன்னால கஷாயம், பின்னால கொசுறு. கொசுறு உன் பொறுப்பு."

"நானா? தெரிஞ்சவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"வெடி வெச்ச கைக்குப் பாதி கிளாஸ் ஊத்த வராதான்னு நெனப்பாங்க."

முதல் நாள் அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஊற்றினார். நாலாம் நாள் தொப்பி மேலே ஏறியது. அவசரக்காரர்கள் முன்னால் குடித்துவிட்டு ஓடினார்கள். நேரம் உள்ளவர்கள் பின்னால் போய்ப் பலகையில் சாய்ந்துகொண்டார்கள். ரொசிந்தாகூட, "என் கொசுறு எங்க?" என்று அதட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். நிற்கிறவர்களுக்குப் பசிக்குமே என்று எதெல்வினா அவித்த முட்டை கொண்டுவந்தாள். விறைத்த விரலால் யாரும் ஓடு உரிக்கத் தயாராக இல்லை. அந்த வாரம் வீட்டில் மூன்று வேளையும் முட்டைதான். அடுத்து ரொட்டியில் வெண்ணெய்ப்பழம் தடவிக் கொண்டுவந்தாள், அது நிமிஷத்தில் பறந்தது. யெர்சோனின் கூட்டம் அவனிடமே இருந்தது. அவனும் தன் அவசரம் முடிந்ததும் ரொட்டி தின்ன இந்தப் பக்கம் வர ஆரம்பித்தான்.

ஒரு திங்கட்கிழமை லாரி வந்தது. எலியோதோரோ முன்பக்கம் வாங்கிக் குடித்துவிட்டு, காலிக் கிளாஸோடு பின்னால் போனான். எதெல்வினா ஆற்றிக்கொண்டிருந்த கஷாயம் நடுவில் நின்றது. காது மட்டும் பின்பக்கம் போயிற்று.

"ஆள் ரொம்பக் கொறையுது சத்தூர்னினோ. இன்னிக்கே ஏறு. சாமான் பின்னால வரட்டும்."

சத்தூர்னினோ வேறொருவன் கிளாஸில் ஊற்றி முடிக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கெங்க நேரம்? பாரு, எத்தன பேரு நிக்கிறாங்க" என்றார் சத்தூர்னினோ. "நீ கிளாஸ நீட்டு. பேசிக்கிட்டே நிக்காத, பின்னால ஆள் இருக்கு."

லாரி உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது. எதெல்வினா முன்னால் நின்றவனின் கிளாஸில் எலுமிச்சையைப் பிழிந்தாள். மறந்துபோய் இன்னொரு தடவையும் பிழிந்தாள்.

"அக்கா, புளிக்குது" என்றான் அவன்.

"குடிடா" என்றாள் அவள், சால்வை ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பின்னால போ, அவரு சரி பண்ணித் தருவாரு."